மறு: கீழ்முதுகின் மிகை வளைவுக்கு என்ன சொல்? ‘முன்கூன்’ வேண்டாமே

> பின்னால் புடைத்தால் கூன், முன்னால் போனால் முன்கூன். இதில் என்ன குழப்பம், ஐயா?

வணக்கம் அம்மா. குழப்பம் இருக்கத்தான் செய்கிறது. கூன் என்றதுமே முன்னே கவிழ்ந்த உடம்புதான் மனதில் வரும். முன்கூன் என்றால் இன்னும் கொஞ்சம் குனிந்தவர் என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். கீழ்முதுகு உள்ளே வளையும் லார்டோசிஸ் (lordosis) மிகும்போது நடப்பது நேர்மாறு. வயிறு முன்னே தள்ளி, பிட்டம் பின்னே தூக்கி நிற்கும். மேல்முதுகு பின்னே புடைப்பது கைபோசிஸ் (kyphosis). கிரேக்கத்திலும் இரண்டுக்கும் வேர் வேறு: கைபோசிஸின் வேருக்குக் கூன் என்றும், லார்டோசிஸின் வேருக்குப் பின்பக்கம் வளைந்தது என்றும் பொருள்.

அதைவிடப் பெரிய சிக்கல், லார்டோசிஸ் வெறும் நோய்ப்பெயர் அல்ல என்பது. கழுத்திலும் கீழ்முதுகிலும் இந்த வளைவு எல்லாருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். குழந்தை எழுந்து நின்று நடக்கப் பழகும்போதுதான் கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளும் நன்றாக உள்வாங்குகின்றன. இயல்பான ஒன்றைக் கூன் என்று சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது. இயல்புக்கு ஒரு சொல், அது மிகுந்தால் முன்னே ஒரு அடை. அப்படித்தான் அமைய வேண்டும்.

தரையில் காலை நீட்டி மல்லாந்து படுத்து, கீழ்முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஓரளவு இடைவெளி இருக்கும். வளைவு மிகுந்தவருக்குக் கை தாராளமாகப் போய்வரும். அங்கே கைக்குத் தட்டுப்படுவது குழி. அதனால் ‘குழிவு’ என்கிறேன். மேல்முதுகின் வளைவுக்குப் ‘புடைப்பு’ என்று வைத்தால் இணையும் கிடைத்துவிடும்.

அடுத்து, எந்த இடத்துக் குழிவு? ‘இடுப்பு’ போதாது. இடுப்பு மூட்டு, இடுப்புச் சுற்றளவு, இடுப்பு வலி என்று மூன்று இடத்துக்கு அந்த ஒரே சொல் அலைகிறது. ‘நாரி’ இருக்கிறதே! பெண் என்ற பொருளும் அதற்கு உண்டுதான். ஆனால் ஈழத்தில் “நாரி நோகுது” என்றால் கீழ்முதுகைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரியும். பேச்சில் உயிரோடு இருக்கிற சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

ஆக, நாரிக்குழிவு, கழுத்துக்குழிவு. மிகுந்தால் நாரி மிகைக்குழிவு. ‘மிகுகுழிவு’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டு ‘கு’ அடுத்தடுத்து வந்து நாக்கு தடுக்குகிறது.

விளைவுகளை எழுதும்போதும் இந்தச் சொல் ஒத்துழைக்கிறது: ‘இடுப்பெலும்பு முன்னே சாயச் சாய நாரிக்குழிவு ஆழமாகும். முள்ளெலும்புகளின் பின்புறச் சிறுமூட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். நெடுநேரம் நின்றால் வலிக்கும், உட்கார்ந்தால் பலருக்குத் தணியும்.’ முன்கூனை வைத்து இதே வரிகளை எழுதிப் பாருங்கள், ‘கூன் ஆழமாகும்’ என்று வந்து நிற்கும்.

அப்புறம் இன்னொன்று பாக்கி. குனியும்போது குழிவு மறைந்துவிட்டால் பொதுவாகக் கவலை குறைவு. குனிந்தும் அப்படியே நின்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் இளகுகுழிவு, விறைகுழிவு என்று பிரிக்கலாமா? ‘இளகுகுழிவு’ என்பதில் அதே ‘குகு’ வந்துவிட்டது. ‘நெகிழ்குழிவு’ சரிவருமா, சொல்லுங்கள்.