ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை: கோளாறு பருப்பிலா, தண்ணீரிலா?

பாலக்கோடு மெஸ்:
பாலக்கோட்டில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஒரு மாதமாகத் துவரம்பருப்பு ஏழு விசில் விட்டாலும் மலர்வதில்லை. மத்தால் கடைந்தால் நழுவுகிறது. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கி, மேலே தண்ணீர் நிற்கிறது. போர் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். சரி என்று முந்தாநாள் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் வேகவைத்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். குக்கர் கேஸ்கெட் புதுசு. விளக்கெண்ணெயும் விடுகிறேன். வேறு என்ன பார்ப்பது?

அரூர் அக்கா:
பருப்பு பழைய சரக்கா தம்பி? தக்காளி, புளியை அதோடேயே போட்டுவிடுகிறீர்களா? புளி விழுந்தால் காய்கூட வேகாதே.

பாலக்கோடு மெஸ்:
இல்லைங்கக்கா, புளி கடைசியில்தான். பருப்பு போன மாதம் வாங்கிய மூட்டை.

தாவரவியல் வாத்தியார், கிருஷ்ணகிரி:
பருப்பு மசிவது என்றால் செல்கள் உடைவது என்று நினைப்போம். பெரும்பாலும் உடைவதில்லை, ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்கின்றன. வெந்த பருப்பில் ஒரு துளி எடுத்து அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மாவுச்சத்து நீலமாக உள்ளேயே இருக்க, முழுசு முழுசாகப் பைகள் தனித்தனியே மிதக்கும். வேகாத பருப்பில் அதே பைகள் கொத்தாக ஒட்டிக்கிடக்கும்.

அவற்றை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கொதியில் பெக்டின் சங்கிலி அறுந்து கரைய வேண்டும். கால்சியத்துக்கு இரண்டு கை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைப் பிடித்து இறுக்கிவிடும். போர் தண்ணீரில் அதுதான் நிறைய. புளியின் அமிலமும் பெக்டின் அறுவதைத் தாமதமாக்கும், அக்கா சொன்னது சரி. பழைய சரக்கு வேறு கதை: விதையில் கால்சியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட், வெக்கையான குடோனில் நாள்பட்டால் சிதையும். விடுபட்ட கால்சியம் பெக்டினிடம் போய்ச் சேரும்.

ஒன்று சொல்லுங்கள், எந்தத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்கள்?

பாலக்கோடு மெஸ்:
போர் தண்ணீரில்தான் சார். நாலு மணிக்கு ஊறப்போட்டு ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றுவேன். வேகவைக்க மட்டும்தான் தண்ணீரை மாற்றினேன்.

தாவரவியல் வாத்தியார், கிருஷ்ணகிரி:
அங்கேதான் மாட்டியிருக்கிறது. மூன்று மணி நேரம் கால்சியத்தைக் குடித்த பிறகு, எந்தத் தண்ணீரில் வேகவைத்து என்ன? ஊறவைக்கும்போதே மாற்றுங்கள், ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு கைதான். நல்ல தண்ணீர் இல்லாத நாளில் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைப் படிவு கலங்காமல் தெளிவை மட்டும் எடுங்கள். படிவோடு கொஞ்சம் கால்சியம் போய்விடும், ஓரளவு தேறும். சோடா உப்பு வேண்டாம். மசியும், ஆனால் பி1 சத்து போய்விடும், சோப்பு வாடை வேறு.

காவேரிப்பட்டணம்:
எல்லாம் போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு பண்ணுகிற வேலை. அதுக்குத்தானே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது.

தாவரவியல் வாத்தியார், கிருஷ்ணகிரி:
திட்டம் வந்தது அதற்காகத்தான். ஆனால் பருப்பு வேகாததற்குத் தண்ணீரின் கடினத்தன்மைதான், அதாவது அந்தக் கால்சியம்தான் காரணம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். கொதிக்கவைத்த போர் தண்ணீரை அதனால் அன்றாட வழக்கமாக்காதீர்கள்.

விலங்கியல் மாணவி, தருமபுரி:
நம் உடம்பிலும் இதே கால்சியம்தானே சார்? பெக்டின் கிடையாது, கேட்ஹெரின் என்ற புரதம் செல்லை செல்லோடு கோக்கிறது. கால்சியம் இல்லாவிட்டால் அதன் பிடி தளரும். லேபில் கால்சியத்தைக் கவ்வும் ஈடிடிஏவை, புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் என்ற நொதியோடு விட்டால், தட்டில் ஒட்டிய செல்கள் உருண்டையாகிக் கிளம்பிவிடும்.

தாவரவியல் வாத்தியார், கிருஷ்ணகிரி:
ஆமாம்மா. செல்லைச் சுற்றியுள்ள கொலாஜன் நாரைப் பற்றும் இன்டெக்ரின் என்ற புரதத்துக்கும் மக்னீசியம், கால்சியம் வேண்டும். பசை வேறு, கொக்கி ஒன்றுதான்.

பாலக்கோடு மெஸ்:
இன்று ஊறவைத்ததும் வேகவைத்ததும் ஒகேனக்கல் தண்ணீரில்தான். நாலாவது விசிலில் இறக்கினேன், கரண்டியால் தட்டினாலே குழைந்துவிட்டது. கழுவுவதற்கும் அதே தண்ணீர்தானா சார்? கட்டுப்படியாகாது.

தாவரவியல் வாத்தியார், கிருஷ்ணகிரி:
கழுவப் போர் தண்ணீரே போதும். அதிலேயே ஊற விட்டுவிடாதீர்கள்.