மெய்ப்புத் தாளும் வீட்டுப் பிள்ளைகளும்

அச்சுக்குப் போகும் முன் அச்சுப் பிரதியில் பிழை பார்ப்பதுதான் மெய்ப்பு வேலை. அதில் பிள்ளைகள் உருப்படியாகச் செய்யக்கூடியது, மூலப்படியை, அதாவது எழுத்தாளர் கொடுத்த பிரதியைச் சத்தமாக வாசிப்பது. பிள்ளை மூலத்தை வாசிக்க, பெரியவர் மெய்ப்பில் கண்ணை ஓட்டிச் சிவப்பு மையில் குறிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வேலை கெடும். மெய்ப்பைப் பிள்ளை கையில் கொடுத்தால், "போகிறர்கள்" என்று அச்சாகியிருப்பதையும் "போகிறார்கள்" என்றே வாசித்துவிட்டுப் போய்விடும். வாய் தானாகத் திருத்திக்கொள்வதால் பிழை நம் காதுக்கு வராது.

தமிழில் காதை மட்டும் நம்பவும் முடியாது. பனியும் பணியும், கரையும் கறையும் வேகமாக வாசித்தால் ஒன்றுபோலத்தான் விழும். எழுத்தைச் சொல்லியே வாசிக்கப் பழக்க வேண்டும். நிறுத்தக்குறியும் வாயில் வர வேண்டும். ஒரு வரி இப்படிப் போகும்: "மேற்கோள் தொடக்கம், அந்தப், ப் உண்டு, பணியை, மூணு சுழி, முடித்தாயா, கேள்விக்குறி, மேற்கோள் முடிவு." முதலில் சிரிப்பு வரும், பிறகு நாக்கு பழகிவிடும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும். குரல் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால், கடிகாரம் பார்க்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.

வரி தாவுவது இன்னொரு தலைவலி. அடுத்தடுத்த இரண்டு வரிகள் "என்றார்" என்று முடிந்தால் கண் முதலாவதிலிருந்து நேரே இரண்டாவதின் முடிவுக்கு இறங்கி, நடுவில் உள்ளதை விழுங்கிவிடும். வாசிக்கும் வரிக்குக் கீழே ஒரு தடித்த அட்டையை வைத்து வரிவரியாக இறக்கச் சொல்லுங்கள்.

*

வாசிக்கும் வயது வராத பிள்ளைக்கும் வேலை உண்டு. பக்க எண் வரிசை, அடிக்குறிப்பு எண் வரிசை, பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் அந்த அத்தியாயத்தில் இருக்கிறதா என்பது. இவற்றுக்குப் பொருள் புரியத் தேவையில்லை, புரியாமலிருப்பதே நல்லது. கதையில் மூழ்கிய கண் எண்ணைப் பார்க்காது. சற்றுப் பெரிய பிள்ளை வரி ஓரங்களை மட்டும் பார்க்கலாம். வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகிறதா, வரியின் கடைசிச் சொல்லே அடுத்த வரியின் முதலில் மறுபடி வந்திருக்கிறதா? பெரியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இந்த இரண்டாவதுதான்.

கையில் பென்சில் மட்டும். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், திருத்தம் எழுதக்கூடாது. பள்ளிப் பழக்கத்தில் உரையாடலில் வரும் "வந்துச்சு"வைக் கூட "வந்தது" ஆக்கிவிடுவார்கள், எழுத்தாளர் சண்டைக்கு வருவார்.

வெளிவராத கைப்பிரதி என்றால் பிள்ளை தொடுவதற்கு முன்பே கொடுத்தவரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். போனில் படமெடுத்து நண்பனுக்குக் காட்டுவதெல்லாம் கூடவே கூடாது.

*

கணினியில் வேலை என்றால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தட்டச்சில் பிள்ளைகள் நம்மைவிட வேகம், ஆபத்தும் அந்த வேகத்தில்தான். "ஔவை" என்பதில் ஔ ஒரே எழுத்து. பல கோப்புகளில் அது ஒ, ள என இரண்டாக அடிக்கப்பட்டிருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதைச் சரிசெய்கிறேன் என்று "அனைத்தையும் மாற்று" பொத்தானை அழுத்தினால், புத்தகத்தில் உள்ள "ஒளி" எல்லாம் உடைந்து போகும். "கௌ"வும் அப்படியே கெ, ள என இருக்கும், அதை மொத்தமாக மாற்றினால் "கெளுத்தி" மீன் சிதறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். தொடங்கும் முன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைப்பது கட்டாயம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. "அவர்" என்பதில் ர் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள். கண்ணுக்கு அச்சு அசலாக ர் போலவே இருக்கும், தேடினால் மட்டும் அகப்படாது. துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால், இதைப் பயமில்லாமல் ஒரே அழுத்தில் மாற்றலாம். பிள்ளைக்குப் பொத்தானை அழுத்தும் ஆசை இருந்தால் இங்கே தீர்த்துக்கொள்ளட்டும்.