சின்ன உடல் கிட்டாரும் பெங்களூர் காற்றும்

சின்ன உடல் கிட்டார் வாங்கலாமா என்று இங்கே பலரும் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். பிராண்டு, மரம், விலை எல்லாம் அப்புறம். முதலில் கடையில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்து ஒரு முழுப் பாட்டு வாசித்துப் பாருங்கள். வலது தோள் மேலே ஏறினால் அந்தக் கிட்டார் உங்களுக்கு இல்லை.

நான் ஐந்தடி உயரம். காலேஜ் நாளிலிருந்து ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடல் கிட்டாரில்தான் வாசித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுக்குத் திரும்பினால் மறுநாள்வரை தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். கடைகளில் கேட்டால் "சின்னது பசங்களுக்கு மேடம், பெரிசுலதான் சவுண்டு" என்பார்கள். ஆனால் வரலாறு வேறு மாதிரி. அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான மார்ட்டின் ஆரம்பித்தது 1833-இல். ட்ரெட்நாட் வடிவத்தை முதலில் செய்தது 1916-இல், அதுவும் டிட்சன் என்ற இன்னொரு கம்பெனிக்காக. தன் பெயர் போட்டு விற்கத் தொடங்கியது 1931-இல்தான். அதுவரை நூறு வருடமாகப் பெரியவர்கள் வாசித்ததெல்லாம் இப்போது நாம் சின்னது என்று சொல்லும் அளவுகளில்தான்.

மார்ட்டின் அளவுகளில் ட்ரெட்நாட்டின் கீழ் வயிறு (உடலின் அகலமான கீழ்ப்பகுதி) 15⅝ அங்குலம், 000 எனப்படும் சின்ன உடலில் 15 அங்குலம். வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட வராது. அப்படியிருந்தும் உடம்புக்கு ஏன் இவ்வளவு மாறுதல் தெரிகிறது? இடுப்பு ஒடுங்கியிருப்பதால் கிட்டார் தொடையில் தாழ்ந்து உட்காருகிறது. ஆழமும் முக்கால் அங்குலம் குறைவு. என் தோளைக் காப்பாற்றியது அந்த முக்கால் அங்குலம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆன்லைனில் பார்க்கிறவர்கள் அகலத்தோடு ஆழத்தையும் பாருங்கள்.

அடுத்தது தந்தி நீளம், அதாவது நெக்கின் (கழுத்தின்) நுனியில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தந்தி உட்காரும் சேடில்வரை உள்ள தூரம். ட்ரெட்நாட்டில் 645 மில்லிமீட்டர், 000-வில் 632. அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். ஆகவே சுமார் 4 சதவீதம் குறைகிறது. இன்னும் சின்ன வகையான 600 மில்லிமீட்டர் பார்லர் கிட்டாரில் 13 சதவீதத்துக்கு மேல் குறையும். விரலுக்கு அது சுகம்தான், ஆனால் தடித்தந்தி தொளதொளவென்று ஆடும், இன்னும் தடிமனான தந்தி செட் போட வேண்டிவரும். நான் பார்லரையும் வாசித்துப் பார்த்தேன். தனியாக விரலில் வாசிக்க அருமை. கூட்டுப் பாடலுக்கு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து) அடித்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் நடு அளவே போதும் என்று முடிவு செய்தேன்.

ஒரு கடையில் ரோஸ்வுட் முதுகு வைத்த ஒன்றை "இம்போர்ட்டட் மரம்" என்று காட்டினார்கள். வெளிநாட்டில் செய்த கிட்டார்தான், ஆனால் மரம் நம் ஊர் ஈட்டி மரம். பிரேசில் மரம் கிடைப்பது கஷ்டமானதும் மார்ட்டின் 1969 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் வளரும் மரம் உலகத்தின் பல நல்ல கிட்டார்களில் முதுகாக இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை. அந்தக் கிட்டார் என் பட்ஜெட்டுக்கு மேலே, அது வேறு விஷயம்.

கடைசியில் வாங்கியது செகண்ட் ஹேண்ட் யமஹா எஃப்எஸ் 800. மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், தந்தி நீளம் 634 மில்லிமீட்டர், நட் அகலம் 43. சென்னையில் தெரிந்தவர் வீட்டில் பையன் வெளிநாடு போனதால் சும்மா கிடந்தது. பிப்ரவரி கடைசியில் ரயிலில் கொண்டுவந்தேன்.

சென்னையில் வாசித்துப் பார்த்தபோது வழவழவென்றிருந்த நெக், இங்கே மூன்றாவது வாரத்தில் ரம்பம் மாதிரி ஆகிவிட்டது. கையை ஓரமாக ஓட்டினால் நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் ஒவ்வொன்றின் நுனியும் கீறியது. இது கிட்டாரின் குறை இல்லை. கடற்கரை ஈரத்தில் இருந்த மரம், 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் வறண்ட காற்றில் சுருங்குகிறது. உலோகம் சுருங்குவதில்லை, அதனால் வெளியே நீட்டிக்கொள்கிறது. நான் காட்டிய ஒரு கடையில் ஃப்ரெட் முழுவதையும் பிடுங்கி மாற்ற வேண்டும் என்று கிட்டார் விலையில் பாதியைக் கேட்டார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் சர்ச்சில் ஒருவர் சொல்லி, பெங்களூர் அல்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் தமிழ்ப் பெரியவரிடம் போனேன். வயலின், வீணை, கிட்டார் எல்லாம் பார்க்கிறார். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எதையும் தொட வேணாம்மா. மரம் இன்னும் வந்து சேரல. ஊர் பழகட்டும்" என்றார்.

"பாதிக்குப் பாதி வெளிய தெரியுதே ஐயா, அறுத்துடலாமா?"

"இப்ப ராவினா மழைக்காலத்துல உள்ள போயிடும். முதல்ல பொட்டிக்குள்ள ஈரப்பதத்தைச் சரி பண்ணுங்க."

கேஸுக்குள் ஈரம் காக்கும் பாக்கெட்டும் ஈரப்பதம் அளக்கும் சின்ன ஹைக்ரோமீட்டரும் வைத்தேன். 45 முதல் 55 சதவீதம்வரை இருந்தால் கிட்டாருக்கு நல்லது. மார்ச் மதியத்தில் வெளியே அதைவிட எவ்வளவோ கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மாதத்தில் நுனிகள் பாதி அடங்கின. மீதியை மட்டும் அவர் மென்மையாக ராவி, ஒவ்வொன்றையும் உருட்டிக் கொடுத்தார்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நட், சேடில் இரண்டும் பிளாஸ்டிக். எலும்புக்கு மாற்றச் சொன்னேன். நாலைந்து எலும்புத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கருங்கல் மேல் போட்டார். சிலது "டொக்" என்றது. ஒன்று மட்டும் பீங்கான் விழுந்ததுபோல "ணங்" என்றது. "இதான்" என்று எடுத்துக்கொண்டார். அடர்த்தி சீராக இருக்கும் எலும்புதான் அப்படி ஒலிக்குமாம்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த ஆறாவது தந்தியின் உயரம் 3.2 மில்லிமீட்டர். எனக்கு 2.4 வேண்டும். சேடிலில் ஒரு பங்கு குறைத்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பாதிப் பங்குதான் குறையும். ஆகவே சேடிலில் 1.6 எடுக்க வேண்டும். அதற்கு முன்பாக நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பி நெக்கின் வளைவைச் சரிசெய்துகொண்டார். முதல் ஃப்ரெட்டையும் பதினாலாவதையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி. இந்த வரிசை மாறினால் செய்த வேலை வீண். இரண்டாவது தந்தி உட்காரும் இடத்தை மட்டும் சேடிலில் பின்பக்கமாகத் தள்ளி இழைத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அங்கேயே அழுத்திய சுரமும் ஒன்றாகும்வரை விடவில்லை. இப்போது ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கார்டு பிடித்தாலும் சுருதி நிற்கிறது. கிட்டாரில் கேட்கும் மாறுதலில் முக்கால் பங்கு இந்த ஒரு வேலையில் வந்தது.

நட்டில் இன்னொன்று செய்தார். அகலம் 43-ஐ மாற்ற முடியாது. ஆனால் ஓரத் தந்திகளை விளிம்புக்குக் கொஞ்சம் அருகே தள்ளி, நடுவில் விரலுக்கு இடம் உண்டாக்கினார். விரலால் மீட்டி வாசிக்க அது பெரிய உதவி.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். நெக்கின் அடியில் தோள்பட்டை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன், 11-52 தடிமன் தந்தி செட். ட்யூனிங் கீ நன்றாகவே இருந்தது, மாற்றவில்லை. சர்ச்சில் ஸ்பீக்கருக்கு வேண்டுமே என்று ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் வைத்தேன். சேடிலுக்கு அடியில் வைக்கும் வகையை அவர் வேண்டாம் என்றார். சேடிலைத் தாங்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்குக் கீழே, கிட்டாருக்குள் ஒட்டும் வகையைப் போடச் சொன்னார். காரணம் அப்போது புரியவில்லை. வேலை முடிந்து கையில் இரண்டு சேடில்களைக் கொடுத்தபோது புரிந்தது.

"ஒண்ணு கோடைக்கு, ஒண்ணு மழைக்கு. மாத்தும்போது குறுக்க ஒண்ணும் இருக்கக் கூடாது பாருங்க."

வறண்ட மாதத்தில் மேற்பலகை சற்றே இறங்கித் தந்தி தாழ்ந்து ஃப்ரெட்டில் மோதும், அதற்கு உயரமான சேடில். மழையில் பலகை ஊதித் தந்தி உயரும், அதற்குத் தாழ்ந்தது. மாற்ற நினைப்பவர்கள் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிட்டுத் தந்திகளைத் தளர்த்துங்கள். அப்போது கீயில் சுற்றியது அவிழாது. சேடிலின் தடித்தந்திப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், திருப்பி மாட்டிவிட்டால் சுருதி எங்கேயும் சேராது.