நட்ஜ் யூனிட் டேவிட் ஹால்பெர்ன்: உளவியலாளரா, அரசுக்குக் கடிதம் எழுதித் தந்தவரா?

கயல்:
சைக்காலஜி படித்தவர் ஒரு அரசாங்கத்தின் வேலை முறையையே மாற்ற முடியுமா என்றால் நான் காட்டும் ஆள் பிரிட்டனின் டேவிட் ஹால்பெர்ன். கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தியவர், 2001ல் பிரதமர் டோனி பிளேரின் வியூகப் பிரிவுக்குப் போனார். 2010ல் கேமரூன் ஆட்சியில் நட்ஜ் யூனிட் (மக்களைக் கட்டாயப்படுத்தாமல், சின்னச் சின்னத் தூண்டுதலால் நல்ல முடிவெடுக்க வைக்கும் அரசுக் குழு) தொடங்கியபோது தலைமை இவருக்கு. செலவுக்குப் பத்து மடங்கு பலன் காட்டணும், இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் கலைத்துவிடுவோம் என்பது நிபந்தனை. வேறு எந்தத் துறைக்கு இப்படிக் கெடு வைத்திருக்கிறார்கள்?

பெட்டிசன் பெருமாள்:
பலன்னு காட்டினது என்ன? வரி பாக்கிக் கடிதத்துல ஒரு வரி சேர்த்தது. அதுக்கு டாக்டர் பட்டமா?

தராசு:
அந்த ஒரு வரி என்னன்னு சொல்லிடுங்க பெருமாள் சார். "பிரிட்டனில் பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்கு வரி கட்டுகிறார்கள். கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்." 2011ல் சுமார் 1 லட்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குப் பழைய கடிதம், சிலருக்கு இது. 23 நாளில் பார்த்தால், இந்த வரி போன பக்கம் கட்டியவர்கள் 5 சதவீதப் புள்ளி கூடுதல். அபராதம் கூட்டவில்லை, ஆள் அனுப்பவில்லை.

பெட்டிசன் பெருமாள்:
அவங்கள்ல பலர் ரெண்டு மாசம் கழிச்சு எப்படியும் கட்டியிருப்பாங்க. அமெரிக்காவுல ரெண்டு நட்ஜ் யூனிட் செஞ்ச 126 சோதனைகளை டெல்லாவிக்னா, லினோஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2022ல அலசினாங்க. ஆய்விதழ்ல வந்த சோதனைகள்ல சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி, இந்த யூனிட்டுகள் களத்துல எடுத்தது 1.4. மிச்சமெல்லாம் எங்க போச்சு?

கயல்:
1.4 என்றாலும் செலவு? பெரும்பாலும் ஒரு கடிதம், ஒரு மின்னஞ்சல். அதோடு நான் மெச்சுவது கடிதத்தை அல்ல, சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை. வாகன வரி கட்டி முடித்ததும் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யச் சொல்லும் பக்கம் வரும். 2013ல் எட்டு விதமாக மாற்றி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வைத்துப் பார்த்தார்கள். சிரித்த முகமாக ஒரு கூட்டம் நிற்கும் படம் போட்ட பக்கம், படமே இல்லாத பக்கத்தைவிடக் குறைவான பதிவுகளை வாங்கியது! ஜெயித்தது, "உங்களுக்கு உறுப்பு தேவைப்பட்டால் வாங்கிக்கொள்வீர்களா?" என்ற கேள்வி. சோதிக்காமல் விட்டிருந்தால் அதிகாரிகள் அந்தப் படத்தைத்தான் போட்டிருப்பார்கள். இன்றுவரை நம் எல்லாத் துறை இணையதளத்திலும் அந்தப் படம்தானே.

வடகரையான்:
எனக்கு ரெண்டு பக்கமும் திருப்தி இல்லை. பிரிட்டனில் நட்ஜின் பெரிய வெற்றி என்று எல்லோரும் சொல்வது ஓய்வூதியத்தில் ஊழியரைத் தானாகவே சேர்ப்பது. நடைமுறைக்கு வந்தது 2012 அக்டோபர். சட்டம் 2008லேயே வந்துவிட்டது, அப்போது இந்த யூனிட்டே கிடையாது. குளிர்பானங்களுக்கான சர்க்கரை வரி அடுத்தது. ஹால்பெர்ன் குழு ஆலோசனை சொன்னது உண்மை. அறிவிப்பு 2016ல், வசூல் 2018 ஏப்ரலில். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. கம்பெனிகள் அந்த இடைவெளியில் சர்க்கரையைக் குறைத்து வரியிலிருந்து தப்பித்தன. குடிக்கிறவன் மனசை யாரும் தொடவே இல்லை. அந்த யூனிட்டுக்கே ஆலோசகராக இருந்த உளவியலாளர் நிக் சேட்டர், பொருளாதார அறிஞர் லோவன்ஸ்டைனோடு சேர்ந்து 2022ல் இதையேதான் எழுதினார்: தனிமனிதனைத் திருத்தப் போய் அமைப்பைக் கவனிக்காமல் விட்டோம் என்று.

தராசு:
அப்படிப் பார்த்தாலும் கம்பெனிக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்று கணித்ததும் நடத்தை அறிவியல்தானே?

வடகரையான்:
அது பழைய பொருளாதாரம் சார். வரி போட்டால் ஒதுங்குவான் என்பதற்கு நட்ஜ் எதற்கு?

பெட்டிசன் பெருமாள்:
2013 விஷயத்தை யாரும் தொட மாட்டேங்கறீங்க. வேலை இல்லாம உதவித்தொகை வாங்கறவங்களை இணையத்துல ஒரு குணநலத் தேர்வு எழுத வெச்சாங்க. எந்தப் பதிலை அமுக்கினாலும் அதே பாராட்டு வந்ததுன்னு பத்திரிகைகள் போட்டு உடைச்சுது. அவங்ககிட்ட சம்மதம் கேட்டாங்களா? மறு வருஷமே யூனிட்ல மூணுல ரெண்டு பங்கு அரசு கையை விட்டுப் போயாச்சு. 2021ல நெஸ்டா அறக்கட்டளை 1.54 கோடி பவுண்டுக்கு முழுசா வாங்கிடுச்சு.

கயல்:
அந்தத் தேர்வை நான் தாங்கிப் பேசவில்லை. ஆனால் வரிக் கடிதத்துக்கும் சம்மதம் கேட்டிருக்கணும் என்றால், பழைய மிரட்டல் கடிதத்தை அனுப்பியபோது யாரிடம் கேட்டார்கள்?

பெட்டிசன் பெருமாள்:
மிரட்டல்னா மிரட்டல்னு படிக்கிறவனுக்குத் தெரியும் மேடம். கோர்ட்டுக்குப் போகலாம், எம்.பி.கிட்ட மனு குடுக்கலாம். "பத்தில் ஒன்பது பேர்"ங்கற வரியை எதிர்த்து எங்க போய் மனு குடுக்கறது?