சந்திரயான்-1: பதினோரு கருவிகள் அதிகமா?

தெற்குச்சாளரம்:
சந்திரயான்-1-ஐத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன் அறிவியல் திட்டமிடல் சொதப்பல் என்பது என் கட்சி. 2008 அக்டோபர் 22-ல் ஏவினார்கள், நவம்பர் 12-ல் நிலாவுக்கு மேலே 100 கி.மீ. சுற்றுப்பாதைக்குப் போனது. அந்த மாதக் கடைசியிலேயே கலத்துக்குள் வெப்பம் 50 டிகிரி. பதினோரு கருவிகளை ஏற்றிக்கொண்டு போய், ஜனவரி வரை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்ட முடிந்தது. ஊரையே பந்திக்கு அழைத்துவிட்டு ஒரே ஒரு இலை போட்ட கதை. ஐந்து கருவி போதாதா?

கணக்குவாத்தியார்:
தம்பி, 11 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். எதை எப்போது ஓட்டுவது என்பதில் பாதியை நிலாவே தீர்மானித்துவிடும். துருவச் சுற்றுப்பாதையின் தளம் விண்வெளியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். சூரியனின் திசையோ நாளுக்கு ஒரு டிகிரி மாறும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை கலம் நிலாவின் உச்சிவெயிலுக்கு மேலே பறக்கும், இரண்டு முறை பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே ஓடும். உச்சிவெயிலில் கேமராக்களுக்குக் கொண்டாட்டம். அந்தியில் நிழல் நீண்டுவிடும், அவை தூங்கலாம். தானே அலை அனுப்பிப் பார்க்கும் மினி-சார் ரேடாருக்கு வெயில் எதற்கு? நாசாவின் எம்-3 நிறமாலைக் கருவி 2009 பிப்ரவரி நடுவில் நின்று ஏப்ரல் நடுவில் மறுபடி தொடங்கியதைப் பாருங்கள். பதினொன்றும் சேர்ந்து ஓட வேண்டும் என்று யார் சொன்னது?

தெற்குச்சாளரம்:
சரி வாத்தியாரே, உங்கள் கணக்கிலேயே வருகிறேன். உச்சிவெயில் நேரத்தில் கீழே நிலாத் தரை 120 டிகிரி வரை கொதிக்கும். மேலே சூரியன். படம் நன்றாக விழும் நாளும் கலம் வேகும் நாளும் ஒன்றேதான். அது எப்போது வரும் என்று முன்பே தெரியும். வெளிச்சத்துக்கு அட்டவணை போட்டவர்கள் வெப்பத்துக்கும் போட்டிருக்க வேண்டாமா?

கணக்குவாத்தியார்:
அது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அடி கலத்தைக் கட்டியவர்களுக்கு விழ வேண்டியது. இயக்கியவர்கள் கலத்தை 20 டிகிரி திருப்பி, கருவிகளை அணைத்து, வெப்பத்தை 40 டிகிரிக்கு இறக்கினார்கள். கையில் கிடைத்ததை வைத்துச் சமைத்தார்கள்.

நிலாபிரியா:
இரண்டு பேரும் இடைவெளிக் கணக்கை விட்டுவிட்டீர்கள். நிலாவைச் சுற்றி வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குள் நிலா ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சுழன்றுவிடும், நடுக்கோட்டில் அது சுமார் 33 கி.மீ. நிலவரைபடக் கேமரா ஒரு சுற்றில் படம் பிடிக்கும் பட்டையின் அகலமோ 20 கி.மீ.தான். கோலப்பொடியை வரி வரியாகப் போட்டுக்கொண்டே போனால் நடுவில் 13 கி.மீ. வெறும் தரை. அதை அடைக்க அடுத்த மாதம் நிலா ஒரு சுற்று முடித்து வரும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வெயில் கோணம் நகர்ந்திருக்கும். எம்-3-க்குப் பட்டை 40 கி.மீ., அதனால் தப்பித்தது. இந்த நிலையில் எந்தப் பருவத்தில் ஒரு மாதம் போனாலும் அந்தக் கேமராவுக்கு அது பெரிய இழப்பு. எனவே தெற்குச்சாளரம் சொல்வது முழுத் தவறில்லை, ஆனால் கருவி எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இந்த 13 கி.மீ. அடையாது.

வெள்ளைச்சாமி77:
இருபது நாள் பருவமழையில் நாற்று நடுவது மாதிரி இருக்கிறது அக்கா. ஆனால் எனக்கு வேறு சந்தேகம். 2009 மே 19-ல் பாதையை 200 கி.மீ.க்கு உயர்த்தியபோது, அகலமாகப் படம் எடுக்கலாம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். விண்மீன்களைப் பார்த்துக் கலத்தின் திசையை அறியும் ஸ்டார் சென்சார் பழுதான விஷயம் ஜூலையில்தான் வெளியே வந்தது. இரண்டு வருடத் திட்டம், ஆகஸ்ட் 29-ல் தொடர்பு அறுந்தது, 312 நாள். அதற்கு 95 விழுக்காடு நிறைவேறியது என்று அறிக்கை. எதில் 95?

நிலாபிரியா:
அந்த விழுக்காட்டை நானும் நம்பவில்லை. ஆனால் உயர்த்தியது வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள். உயரம் இரட்டித்ததும் எம்-3-இன் பட்டை 80 கி.மீ. ஆனது. படத்தின் ஒரு புள்ளி காட்டும் தரை 140 மீட்டரிலிருந்து 280 மீட்டராக மங்கியது, அது விலை. செப்டம்பரில் வெளிவந்த, நிலாவில் நீர் இருப்பதைச் சொன்ன ஆய்வுக்கு அந்தக் கருவிதான் காரணம்.

தெற்குச்சாளரம்:
அப்போது ஆகஸ்ட் 20-ல் நாசாவின் நிலாச் சுற்றுகலமான எல்.ஆர்.ஓ.வோடு சேர்ந்து செய்த ரேடார் முயற்சி? சந்திரயான் அலை அனுப்ப, எல்.ஆர்.ஓ. கேட்க, வடதுருவத்தருகே எர்லாங்கர் பள்ளத்தில் பனி தேடும் திட்டம். நம் கலம் சரியான திசையில் நோக்காததால் ஒன்றும் தேறவில்லை. ஸ்டார் சென்சார் போன பிறகு அதைச் செய்யத் துணிந்தது திட்டமிடலா, ஆசையா?

கணக்குவாத்தியார்:
ஆசைதான். ஆனால் அதே இஸ்ரோவும் நாசாவும் 2021-ல் எப்படி நடந்துகொண்டன பாருங்கள். அக்டோபர் 20-ல் சந்திரயான்-2 சுற்றுகலமும் எல்.ஆர்.ஓ.வும் வடதுருவத்தருகே நெருங்கும், செங்குத்து இடைவெளி 100 மீட்டருக்கும் குறைவாகலாம் என்று இரு தரப்பும் தனித்தனியே கணக்கிட்டன. 18-ஆம் தேதி இரவு 8:22-க்கு நம் கலத்தை நகர்த்தினார்கள். அந்த நகர்வோடு, போட்டு வைத்த படப்பிடிப்பு அட்டவணையும் மாறத்தானே செய்யும்?

வெள்ளைச்சாமி77:
இப்போது சொல்லுங்கள், சந்திரயான்-2 சுற்றுகலத்தில் எத்தனை கருவிகள்?

கணக்குவாத்தியார்:
எட்டு.

தெற்குச்சாளரம்:
பார்த்தீர்களா, மூன்று குறைந்திருக்கிறது.