அப்டேட்: அயர்ன் பாக்ஸ் போட்டா ஆர்சிசிபி விழுற கேஸ் முடிஞ்சுது

போன வாரம் கேட்டிருந்தேன்ல, மாடி ரூம் பிளக்ல அயர்ன் பாக்ஸ் போட்ட உடனே ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்கு லீக் ஆனா சப்ளைய கட் பண்ற சேஃப்டி ஸ்விட்ச்) ட்ரிப் ஆகுது, அதே பிளக்ல சின்ன நைட் லேம்ப் மட்டும் நல்லா எரியுதுன்னு. பாதி பேரு ஆர்சிசிபியே போச்சு மாத்துன்னு சொன்னீங்க. மாத்தல, நல்லவேளை.

எங்க மேஸ்திரி அண்ணன் வந்து பிளக்ல மாட்டியிருந்த எல்லாத்தையும் கழட்ட சொன்னாரு, மெயின ஆஃப் பண்ணி சப்ளை இல்லன்னு செக் பண்ணிட்டு, மீட்டர்ல அந்த சாக்கெட்டோட நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் கன்டினியூட்டி (ரெண்டும் கனெக்ட் ஆகியிருக்கான்னு) பாத்தா பீப்னு கத்துது! ஆர்சிசிபி ஆஃப்ல இருந்தா நியூட்ரலையும் சேத்துதான் கட் பண்ணும், அப்போ அந்த ரெண்டுக்கும் நடுவுல கனெக்‌ஷனே இருக்கக்கூடாது. சாக்கெட்ட கழட்டி பாத்தா யாரோ கறுப்பு (நியூட்ரல்) வயர் பத்தலன்னு பச்சை (எர்த்) வயர்லயே லூப் அடிச்சு நியூட்ரலா குடுத்திருக்கான்.

நைட் லேம்ப் அரை வாட், 230 வோல்ட்டுக்கு 2 மில்லிஆம்ப் சொச்சம்தான், 30 மில்லிஆம்ப் லீக்குக்கு விழுற ஆர்சிசிபி இத கண்டுக்காது. அயர்ன் 750 வாட், 3 ஆம்பியருக்கு மேல மொத்தமும் எர்த் வழியா திரும்புது, விழாம என்ன பண்ணும். ஆர்சிசிபி இல்லாத வீடா இருந்து எர்த் வயர் எங்கயாவது அறுந்திருந்தா, அந்த லைன்ல இருக்கற ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பாடி எல்லாத்துலயும் கரன்ட் நின்னிருக்கும்.

மீட்டர்ல ஃபேஸ்-நியூட்ரல் 230 காட்டுச்சுன்னு நான் ஓகே போட்டதுதான் தப்பு, எர்த்த நியூட்ரலா குடுத்தாலும் அதே 230தான் காட்டும். இப்ப புதுசா கறுப்பு வயர் இழுத்தாச்சு, அயர்ன் ஓடுது.