வினைல் கட்டிங்: எதை முதலில் வெட்டுவது, எந்தப் பக்கமாக வெட்டுவது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை ஸ்டிக்கர் கடை

ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்து வெட்டும் பிளாட்டர் மெஷினைப் பற்றி, பிளேடு, பிரஷர், ஸ்பீடு என்று எல்லாரும் பேசியாச்சு. வெட்டும் வரிசையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சின்ன எழுத்து பெயர்ந்து வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

எனக்கு இது புரிந்தது ஒரு வேன் வேலையில். பின்கண்ணாடிக்கு ஊர்ப் பெயர்கள், எழுத்து உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, அதுவும் ரேடியம் ஷீட். 'க', 'த', 'ண' வருகிற இடமெல்லாம் உள்வட்டம் கிழிகிறது, சில இடத்தில் எழுத்தே பிளேடு முனையில் ஒட்டிக்கொண்டு பக்கத்து எழுத்து வரைக்கும் இழுபட்டுப் போகிறது. புது பிளேடு போட்டாச்சு, பிரஷரைக் குறைத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஸ்பீடை அடியோடு குறைத்து, ஒரே ஒரு 'க'வை மட்டும் வெட்டவிட்டு மெஷின் பக்கத்திலேயே குனிந்து பார்த்தேன். வெளிக்கோட்டை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டு அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்குகிறது. வெளிக்கோடு முடிந்த நொடியே அது தனித்துண்டு, அடியில் இருக்கும் பசை மட்டும்தான் பிடிப்பு, அத்தனை சின்ன எழுத்துக்குப் பசை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? பிளேடு உள்ளே வளையும்போது துண்டும் சேர்ந்து நகர்கிறது. உள்வட்டத்தை முதலில் வெட்டினால் சுற்றியுள்ள முழு ஷீட்டும் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

கட்டிங் சாஃப்ட்வேர் பலவற்றில் உள்ளே இருப்பதை முதலில் வெட்டச் சொல்லும் செட்டிங் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லாமல் கோரல் டிரா டிசைன் சாஃப்ட்வேரில் இருந்து நேராக அனுப்புகிறவர்கள், ஃபைலில் எது முதலில் இருக்கிறதோ அதுவே முதலில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஃபான்ட் என்றால் இன்னொரு தலைவலி, 'கி' மாதிரி எழுத்தில் மேலே வரும் வளைவு தனிக்கோடாக உடம்பின் மேல் ஏறி நிற்கும். வெல்டு போடாமல், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாகச் சேர்க்காமல் அனுப்பினால் வரிசையை எப்படி மாற்றினாலும் நடுவில் குறுக்கே வெட்டு விழும்.

மதுரை பிளாட்டர்

அண்ணே, வரிசை சரி. திசையை விட்டுவிட்டீர்களே.

நம்ம மெஷினில் இருப்பது இழுபடும் கத்தி, மோட்டார் அதைத் திருப்புவதில்லை. தள்ளுவண்டிச் சக்கரம் போகிற பக்கம் தானாகத் திரும்புகிற மாதிரி, முனை நடு அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வரும். அந்தத் தூரம்தான் ஆஃப்செட். வழக்கமான 45 டிகிரி பிளேடுக்கு 0.25 மி.மீ. போடுவோம், 60 டிகிரிக்குப் பெரும்பாலும் 0.5 வரும், பிளேடு பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாகப் போட்டால் மூலை மழுங்கும், கூடுதலாகப் போட்டால் மூலையில் காது முளைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, கத்தி முந்தின கோட்டை எந்தப் பக்கம் பார்த்து முடித்ததோ அதே பக்கம் பார்த்துக்கொண்டுதான் அடுத்த கோட்டில் இறங்கும். அந்தக் கோடு எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றால் இறங்கிய பிறகு ஷீட்டுக்குள்ளேயே திரும்ப வேண்டும், அந்த இடத்தில் ஒரு குட்டிக் கொக்கி விழும். பெரிய எழுத்தில் கண்ணுக்கே தெரியாது. சின்னதில், அதுவும் ஆரம்பப் புள்ளி கூர் மூலையிலேயே இருந்தால், உரிக்கும்போது அந்த மூலை கட்டாயம் தூக்கிக்கொண்டு வரும்.

நான் செய்வது இதுதான். ஆரம்பப் புள்ளியை மூலையில் இருந்து எடுத்து நீளமான நேர்க்கோட்டின் நடுவில் வைப்பேன். கோரலில் அங்கே ஒரு நோடு (கோட்டின் மேல் புள்ளி) போட்டு, உடைத்து, திரும்பச் சேர்த்தால் ஆரம்பம் அங்கே வந்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற டிசைன் சாஃப்ட்வேரிலும் இதே வேலைதான், அதில் கோட்டின் திசையைக் காட்டச் சொல்லலாம், ஷிஃப்ட்டும் ஆரும் சேர்த்து அழுத்தினால் திசை தலைகீழாகும். நேர்க்கோட்டின் நடுவில் தொடங்கினால் கத்தி சுற்றி வந்து முடிக்கும்போது தொடங்கிய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும், கூடவே அரை மில்லிமீட்டர் ஓவர்கட் (முடிவைத் தாண்டி வெட்டுவது) கொடுத்தால் கொக்கி விழுந்த இடத்தின் மேலேயே போய்ச் சுத்தமாக வெட்டிவிடும். எல்லா எழுத்துக்கும் இதைச் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. லோகோவுக்கும் முக்கோணம், நட்சத்திரம் போன்றவற்றுக்கும் செய்கிறேன்.

பிளேடு மாற்றியதும் கத்தி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மெஷினுக்கே தெரியாது. ஓரத்தில் உபயோகமில்லாத இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சென்னை, லினக்ஸ் கோஷ்டி

வரிசை என்னவென்று மெஷின் பக்கத்தில் குனிந்துதான் பார்க்கணும் என்றில்லை சார். மெஷினுக்குப் போகும் ஹெச்பிஜிஎல் (HPGL) ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துதான். பியூ (PU) என்றால் கத்தி மேலே, பிடி (PD) என்றால் கத்தி கீழே, அடுத்து வருவது எக்ஸ், ஒய் எண்கள், 40 யூனிட் ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு பியூவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தாலே கத்தி எங்கே தாவுகிறது என்று தெரிந்துவிடும்.

நான் இப்படிப் பார்த்தது நீளமான ஒரு பேனர் வேலையில். மூன்று மீட்டர் நீளம், ஃபைலில் முதல் எழுத்து, அடுத்தது கடைசி எழுத்து, திரும்ப நடுவில் ஒரு பார்டர். ரோல் முன்னும் பின்னும் முழு நீளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஷீட்டை அழுத்திப் பிடிக்கும் பின்ச் ரோலருக்கு அடியில் ஷீட் ஒவ்வொரு ஓட்டத்திலும் துளி நழுவும், கடைசியில் பார்டரின் இரண்டு முனையும் சந்திக்கவே இல்லை. இடமிருந்து வலமாக, ஒரு எழுத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி வரிசைப்படுத்தியதும் நழுவல் அடங்கியது. ரோலையும் முன்கூட்டியே தளர்வாக இழுத்துவிடுங்கள், மெஷினே ரோலின் எடையை இழுக்கிற மாதிரி விட்டால் எந்த வரிசையும் காப்பாற்றாது. மிகக் குறைந்த தூரம் தாவும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், நேரம் மிச்சமாகும், ஆனால் உள் வெளி கணக்கு அதற்குத் தெரியாது.

திருப்பூர் டி-ஷர்ட்

எங்களுக்குத் துணியில் ஒட்டுகிற, வெல்வெட் மாதிரி தடிமனான ஃப்ளாக் ஷீட், ஒரு ஓட்டத்தில் வெட்டாது, இரண்டு ஓட்டம் வேண்டும். முழு டிசைனையும் ஒருமுறை வெட்டிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஓட்டினால் அந்த நழுவல் காரணமாக இரண்டாவது கோடு பக்கத்தில் விழும். ஒரு வடிவத்தை இரண்டு தடவை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். மிரர் போடுவதை (இடவலம் மாற்றி வெட்டுவதை) நான் சொல்லத் தேவையில்லை.

கோவை ஸ்டிக்கர் கடை

நல்ல தகவல் எல்லாருக்கும். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், பிரின்ட் ஸ்டிக்கர் ஷீட்டில் மேல்தாளை மட்டும் வெட்டும் கோடுகளை எல்லாம் முதலில் முடியுங்கள், அடித்தாளோடு துண்டாக்கும் கோடு கடைசி. மாற்றிச் செய்தால் துண்டு கழன்று கத்தி ஹெட்டில் சிக்கும். துண்டாக்கும் கோட்டில் சின்னச் சின்னப் பாலம் விடுவது நல்லது. உரிப்பதற்காகச் சுற்றிப் போடும் கட்டத்துக்கும் இதே வரிசைதான்.

மதுரைத் தம்பி, அந்த நோடு உடைக்கும் வேலைக்குக் கோரலில் மேக்ரோ ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

மதுரை பிளாட்டர்

இல்லை அண்ணே, கையால்தான். யாராவது எழுதியிருந்தால் இங்கே போடுங்கள்.